படகில் பொருத்தும் ஏஐஎஸ் கருவி என்ன செய்கிறது? ரேடார் இருந்தால் போதாதா?

ஏஐஎஸ், படகின் பெயர், இருப்பிடம், வேகம், திசை ஆகியவற்றை விஎச்எப் ரேடியோவில் தானாக அனுப்பும். மற்றவர்கள் அனுப்புவதை வாங்கித் திரையில் காட்டும். இருட்டில் வரப்பில் நடப்பவர், "நான்தான், கிழக்கே போறேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவது மாதிரி.

ரேடார் போதாது. பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கு வரும் சரக்குக் கப்பலின் ரேடாரில் மரப்படகின் எதிரொலி கடல் அலைகளின் எதிரொலியோடு கலந்துவிடும். ஏஐஎஸ் படகைப் பெயரோடு காட்டும்.

சிறு படகுக்கான 'பி' வகைக் கருவி, ஓட்டத்தில் 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும். நங்கூரமிட்டால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை.

பெரும்பாலும் கோளாறு ஆன்டெனாவில்தான். அதைக் கேபின் கூரையில் கிடத்தாமல் கம்பத்தின் உச்சியில் கட்டுங்கள்; உயரம் குறைந்தால் எட்டும் தூரமும் குறையும். கேபிள் இணைப்பில் உப்புநீர் ஏறினால் திரை வழக்கம்போல் எரியும், ஆனால் உங்கள் படகு யாருக்கும் தெரியாது. அதனால் கரையை விட்டு விலகியதும் உங்கள் படகு திரையில் தெரிகிறதா என்று பக்கத்துப் படகிடம் வயர்லெஸ்ஸில் கேட்டுவிடுங்கள். கருவியில் பதியும் 9 இலக்க அடையாள எண் படகுக்குப் படகு வேறாக இருக்க வேண்டும். ஒரே எண்ணை இரண்டில் போட்டால், ஒரே படகு இங்குமங்கும் தாவுவதாகத் திரை காட்டும்.

திரை காலியாக இருந்தால் கடலும் காலி என்று பலர் நினைக்கிறார்கள்; அது தவறு, கருவி இல்லாத வல்லமும் நாட்டுப்படகும் அதில் தெரியாது.