நல்ல பெடியன்தான், ஆனா...

வணக்கம் அண்ணா,

வெள்ளவத்தையில இருந்து எழுதுறன், பேர் போடாதேங்கோ. மகன் இன்டர்நெஷனல் ஸ்கூல்ல லண்டன் ஓ.எல். செய்யிறார், லிட்ரேச்சருக்கு அமெரிக்க எழுத்தாளர் ஸ்டைன்பெக்கின்ர ‘ஒஃப் மைஸ் அண்ட் மென்’ நாவல். மிஸ் பிள்ளையள எழுப்பி ஆளுக்கொரு பக்கமா சத்தமா வாசிக்க விடுறாவாம். அதில கறுப்பு ஆக்களைச் சொல்லுற அந்தக் கெட்ட சொல் வருதுதானே, வாற நேரமெல்லாம் வகுப்பே சிரிக்குமாம். வகுப்பில மலையகத்து ஹட்டன் பெடியன் ஒருத்தன், கொஞ்சம் கறுப்பு, இப்ப இன்டர்வெல்லில அவனுக்கு அதுதான் பேர். போன கிழமை என்ர மகனே ஃபோன்ல சிரிச்சுச் சிரிச்சு அப்பிடிக் கூப்பிட்டதைக் கேட்டன், கை கால் விறைச்சுப் போச்சு. இவர் சொல்லுறார், டிப்பெக்ஸால அந்தச் சொல்லை அழிச்சுப் போட்டுப் படிப்பிக்கலாம்தானே எண்டு. எனக்கெண்டா புத்தகத்தையே மாத்தச் சொல்லி பிரின்சிபலுக்கு எழுதுவமோ எண்டு இருக்கு. ஒரு புத்தகத்தையும் தடுக்கக் கூடாதெண்டு நீங்க முந்தி எழுதினீங்க. உங்கட பிள்ளையெண்டா என்ன செய்வீங்க?

*

தங்கச்சி,

முந்தி எழுதினது கொஞ்சம் வாய்க்கொழுப்பில எழுதினது, அந்தச் சிரிப்புச் சத்தம் என்ர காதில விழேல்லத்தானே. பிரின்சிபலுக்குக் கட்டாயம் எழுதுங்கோ. ஆனா சத்தமா வாசிக்கிறதை நிப்பாட்டச் சொல்லி எழுதுங்கோ, புத்தகம் இருக்கட்டும். பதினஞ்சு வயசுப் பெடியளை எழுப்பி விட்டு அந்தச் சொல்லை வாயால சொல்லப் பண்ணினா அது பாடமில்ல, லைசன்ஸ்.

புத்தகம் ஏன் இருக்கட்டும் எண்டுறன் எண்டா, ரெண்டாவது அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கோ. கேண்டி எண்டொரு கிழவர், ஒரு கை இல்லாத ஆள், புதுசா வந்த ஜோர்ஜுக்கு பண்ணையில ஆரார் இருக்கினம் எண்டு சொல்லிக்கொண்டு வாறார். குதிரைக் கொட்டில் பாக்கிற கறுப்பர் க்ரூக்ஸைப் பற்றிக் கதைக்கேக்க அந்தச் சொல்லைச் சொல்லுறார், அடுத்த மூச்சில நல்ல மனுசன் எண்டும் சொல்லுறார். கோவம் ஒண்டுமில்ல, மழை வரும்போல எண்டு சொல்லுற மாதிரிச் சொல்லுறார்.

எங்கட அம்மம்மாவும் அப்பிடித்தான். எண்பதுகளில என்ர வகுப்பில பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பெடியன் ஒருத்தன், பள்ளிக்கூடம் விட்டு என்னோட வீட்டை வருவான், அம்மம்மா ஆசையா தோசை சுட்டுக் குடுப்பா, அவன் போனாப் பிறகு “தோட்டக்காட்டுப் பெடியன், ஆனா நல்ல பெடியன்” எண்டுவா. ‘தோட்டக்காட்டு’ எண்டது மலையகத் தமிழரை இளக்காரமாச் சொல்லுற எங்கட சொல். அவன் குடிச்ச டம்ளர் மட்டும் கழுவின பிறகும் மற்றதுகளோட சேராமல் குசினி ஜன்னலடியில தனிய கவுத்து இருக்கும். நான் அதைத் தினமும் பாத்தனான், ஒரு நாளும் ஏனெண்டு கேக்கேல்ல, கிரிக்கெட்டில சண்டை வந்தா அதே சொல்லை அவன்ர மூஞ்சிக்கே சொல்லியும் இருக்கிறன். அம்மம்மான்ர அந்த ‘ஆனா’வை எனக்கு ஒரு வாத்தியாரும் காட்டித் தரேல்ல, கேண்டிக் கிழவர்தான் காட்டினவர்.

உங்கட அவர்ட டிப்பெக்ஸ் யோசனையும் பழசுதான். 2011ல அமெரிக்காவில மார்க் ட்வெய்ன்ர ‘ஹக்கிள்பெரி ஃபின்’னை அப்பிடி ஒரு பதிப்புப் போட்டவை, 200 தரத்துக்கு மேல வாற அந்தச் சொல்லை எடுத்துப்போட்டு ‘அடிமை’ எண்டு மாத்தி. ஆனா அங்க அடிமைமுறை 1865ல சட்டப்படி முடிஞ்சுது, ஸ்டைன்பெக்கின்ர கதை வந்தது 1937ல. எழுபது வருசத்துக்குப் பிறகும் க்ரூக்ஸை விட்டு அந்தச் சொல் போகேல்ல எண்டதுதானே கதை, அதை அழிச்சா என்னத்தைப் படிப்பிக்கிறது? எங்கட கொழும்புக் கொம்பனித்தெருவைப் பாருங்கோ, ஒல்லாந்தர் அடிமையளை அடைச்சு வச்ச இடம், முந்தி இங்கிலிஷ் பேர் ‘ஸ்லேவ் ஐலண்ட்’, தமிழில சும்மா கொம்பனித்தெரு. தமிழ் போர்டை மட்டும் பாத்து ட்ரெய்ன் ஏறி இறங்கின எனக்கு அப்பிடி ஆக்கள் அங்க இருந்ததே இருபத்தஞ்சு வயசிலதான் தெரியும்.

வகுப்பில நேரம் செலவழிக்க வேண்டியது நாலாவது அத்தியாயத்தில. க்ரூக்ஸுக்கு மற்றவையோட படுக்க இடமில்ல, சேணம் வைக்கிற அறையில தனிய. அவரிட்ட இருக்கிற புத்தகங்களில ரெண்டு, கிழிஞ்ச டிக்‌ஷனரி ஒண்டு, 1905ம் ஆண்டு கலிபோர்னியா சிவில் சட்டம் ஒண்டு, அதுவும் புரட்டிப் புரட்டி நைஞ்சு போனது. பண்ணை முதலாளின்ர மகன் கர்லியின்ர மனுசி வந்து மரத்தில தொங்கவிடச் செய்வன் எண்டு வெருட்டேக்க அந்தச் சட்டத்தில ஒரு வரியும் உதவிக்கு வரேல்ல, மனுசன் அப்பிடியே சுருங்கிப் போறார். எனக்கு அதை வாசிக்கேக்க ஞாபகம் வந்தது பதுளைக்காரன்ர தாத்தாவை. லீவுக்கு அவன்ர தோட்டத்து லயவீட்டுக்குப் போனப்ப கிழவர் றங்குப்பெட்டியைத் திறந்து, பொலித்தீன்ல சுத்தின பிரஜாவுரிமைக் காகிதங்களை ஒண்டொண்டா விரிச்சுக் காட்டினவர். 1948ல சட்டம் போட்டு மலையகத் தமிழரை நாடில்லாமல் ஆக்கினதும், 1964ல எங்கட பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இஞ்ச எண்டு ஆக்களைப் பங்கு பிரிச்சதும் எனக்கு அப்ப எங்க தெரியும், எப்ப தேத்தண்ணி வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்.

வேல்ஸில 2025ல இருந்து இந்தப் புத்தகத்தை ஜி.சி.எஸ்.இ. சோதினையில இருந்து எடுத்துப்போட்டினம், கறுப்புப் பிள்ளையள் வகுப்பில இருந்து பட்ட வேதனையைச் சொன்னபடியால. அதைப் பிழையெண்டு சொல்ல எனக்கு வாய் வராது, அங்க அந்தச் சொல் நேர போய் விழுற பிள்ளை வகுப்பிலயே இருக்கு. இஞ்சயும் ஒரு பிள்ளை இருக்கெண்டுதான் நீங்க எழுதியிருக்கிறீங்க. ஆனா புத்தகத்தைப் பறிச்சா உங்கட மகன்ர கூட்டம் நாளைக்கு அமெரிக்கச் சொல்லை விட்டுட்டு எங்கட ‘தோட்டக்காட்டு’ எண்ட சொல்லாலயே அவனைக் கூப்பிடும், அதுக்கு ஒரு புத்தகமும் தேவையில்ல. மிஸ்ஸுக்கு அந்தச் சொல்லையும் போர்டில எழுதிக் கதைக்கத் துணிவு இருக்கோ எண்டு கேட்டுப் பாருங்கோ. இல்லையெண்டா வேற புத்தகம் எடுக்கட்டும், சண்டை பிடிக்க மாட்டன்.

மகனைக் காதில பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் வகுப்புக்கு முன்னால மன்னிப்புக் கேக்க வைக்காதேங்கோ, அதிலயும் கூசி நிக்கப்போறது ஹட்டன் பெடியன்தான். தனிய, ரெண்டு பேரும் மட்டும் இருக்கேக்க கேக்கட்டும். அதுக்கு முதல் டம்ளர் கதையைச் சொல்லுங்கோ, என்ர பேர் போட்டே சொல்லுங்கோ.