மசாலா மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: பன்றிக்கறியில் டெண்டர்லாயின்தான் மெத்தென்று இருக்கும் என்றார்கள். இரண்டு முறை வாங்கிவிட்டேன். இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், வினிகர் எல்லாம் தடவி ராத்திரி முழுக்க ஊறவைத்து, முக்கால் மணி நேரம் வேகவைத்தேன். மசாலா ஒரு பக்கம், மரக்கட்டை ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. இதற்குப் பொருத்தமான மசாலா எது?

பதில்: முக்கால் மணி நேரமா! அந்தத் துண்டு உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது?

டெண்டர்லாயின் என்பது முதுகெலும்பின் உட்பக்கமாக ஓடும் ஒல்லியான, நீளமான தசை. பெரும்பாலும் அரை கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். (அதைவிட நான்கு மடங்கு பருமனான துண்டு உங்கள் கைக்கு வந்திருந்தால் அது லாயின், வேறு சரக்கு.) பன்றி இந்தத் தசைக்கு அதிகம் வேலை கொடுப்பதில்லை. அதனால்தான் மெத்து. கொழுப்பும் ஜவ்வும் மிகக் குறைவு. தோள்பட்டைக் கறியில் ஜவ்வு நிறைய. மணிக்கணக்கில் வெந்தால் அது கரைந்து கறி குழையும். இதில் கரைய எதுவும் இல்லை. அடுப்பில் இருக்க இருக்கச் சாறு வெளியேறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

பன்றிக்கறி என்றாலே புழு பயம், அதனால்தான் இத்தனை நேரம் வேகவைத்தீர்கள் என்று நினைக்கிறேன். பயம் நியாயம், அளவுதான் பழசு. அமெரிக்க வேளாண் துறை 2011-ல் பன்றிக்கறியின் முழுத்துண்டுகளுக்கான உள்வெப்பத்தை 71 டிகிரி செல்சியஸிலிருந்து 63-ஆகக் குறைத்துவிட்டது. இறக்கியபின் 3 நிமிடம் அப்படியே விட வேண்டும். நடுவில் லேசான இளஞ்சிவப்பு இருந்தால் பதற வேண்டாம். கொத்துக்கறிக்கு மட்டும் இன்றும் 71தான். ஆகவே அடுத்த முறை மசாலாவுக்குச் செலவழிக்கும் காசில் இறைச்சியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள்.

இப்போது மசாலா. கறிக்குள் ஆழமாக இறங்குவது உப்பு ஒன்றுதான். மற்றதெல்லாம் மேலோடு நின்றுவிடும். அரை கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பைத் தடவி, சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது, முடிந்தால் முந்தின இரவே, குளிர்பெட்டியில் மூடாமல் வையுங்கள். அதற்கு முன் துண்டின் மேல் வெள்ளியாய் மினுங்கும் படலத்தைக் கத்திமுனை நுழைத்து உரித்துவிடுங்கள். எவ்வளவு வேகவைத்தாலும் அது கரையாது. சூட்டில் சுருங்கித் துண்டையும் வளைத்துவிடும். வினிகரில் ராத்திரி முழுக்க ஊறினால் மேல்பக்கம் மாவாகும், உள்ளே ஒன்றும் போய்ச் சேராது.

மேலே தடவ, கொரகொரப்பாக இடித்த மிளகும் சோம்பும் போதும். அரைத்த கடுகு விழுதில் பூண்டும் ரோஸ்மேரியும் கலந்து பூசலாம். எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் வாணலியில் சிவந்த பிறகுதான் பூச வேண்டும். முன்னாலேயே பூசினால் பூண்டு கருகிக் கசக்கும். உங்கள் மிளகாய்த்தூளுக்கும் அதே கதிதான். சோயா சாஸும் தேனும் விருப்பமென்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் தடவுங்கள், இனிப்பு சீக்கிரம் தீய்ந்துவிடும்.

துண்டை ஈரமில்லாமல் ஒற்றி எடுங்கள். மெலிந்த வால் முனையை மடக்கி நூலால் கட்டுங்கள், இல்லாவிட்டால் நடுப்பகுதி வேகுமுன் அது காய்ந்துவிடும். நன்றாகக் காய்ந்த வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போலச் சிவக்க வையுங்கள். பிறகு 200 டிகிரி ஓவனில் பத்துப் பதினைந்து நிமிடம். பருத்த இடத்தில் 60 காட்டியதும் எடுத்துவிடுங்கள். வெளியே இருக்கும்போதே மீதி மூன்று டிகிரி ஏறும், ஏறியதா என்று ஒருமுறை குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து நறுக்குங்கள். ஓவன் இல்லையா? இரண்டு விரல் கனத்தில் வட்டமாக நறுக்கி, வாணலியிலேயே பக்கத்துக்கு மூன்று நிமிடம்.

அந்த வினிகரை எறிந்துவிடாதீர்கள். வாணலியில் ஒட்டியிருக்கும் பழுப்பில் ஒரு கரண்டி ஊற்றிச் சுரண்டி, வெண்ணெய் ஒரு துண்டு போட்டால் நல்ல சாறு கிடைக்கும்.

முக்கால் மணி நேரம் வேகவைத்தால்தான் மனசு ஆறும் என்றால், தோள்பட்டைக் கறி வாங்குங்கள். அதற்கு உங்கள் முக்கால் மணி நேரமும் போதாது.