சின்னத் தொட்டிக்கு எந்த மீன்?

கேள்வி: மகள் ஆசைப்பட்டாள் என்று 20 லிட்டர் கண்ணாடித் தொட்டி வாங்கி நான்கு தங்கமீன் விட்டோம். பத்தே நாளில் மூன்று செத்துவிட்டன. இனி என்ன மீன் விடலாம்?
– வாசகி, சேலம்

பதில்: தங்கமீனை விட்டதுதான் சிக்கல். கடையில் விரல் நீளம் இருக்கும் அது 15 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், தின்பதும் கழிப்பதும் அதிகம், அதனால் சின்னத் தொட்டியில் அம்மோனியா சட்டென்று ஏறிச் செவுளைப் புண்ணாக்கிவிடும். சாவதற்கு முன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருக்குமே, கவனித்தீர்களா? மிஞ்சிய ஒன்றையாவது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், பாவம்.

உங்களுக்குக் கப்பி மீன்தான் சரி. போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை அதற்கு ஒத்துக்கொள்ளும். ஆண் கப்பியாக நான்கைந்து வாங்குங்கள், பெண் ஒன்று சேர்ந்தாலும் மாதாமாதம் குட்டி போட்டுத் தொட்டி நிரம்பிவிடும். இல்லையென்றால் ஒரே ஒரு ஆண் ஃபைட்டர் மீன், துணையில்லாமல்.

அப்புறம், ஸ்பாஞ்ச் ஃபில்டர் எப்போதும் ஓடட்டும். அதைக் குழாயடியில் கழுவாதீர்கள், கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.