முதலில் நோயாளி, பிறகு வாதம்: மருத்துவக் குழுக்கள் பற்றி வந்த கேள்விகள்

வைத்தியர், தாதியர், விரிவுரையாளர் எல்லாரும் சேர்ந்திருக்கிற வட்ஸ்அப் குழுக்கள் பற்றித்தான் இம்முறை யாழ்ப்பாணத்திலிருந்து கூடுதலான கேள்விகள். கட்டிலருகில் நிற்பவருக்கு உடனே விடை வேண்டும், படிப்பிக்கிறவருக்கு அந்த விடை சரிதானா என்று கிண்டிப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே குழுவில் இருப்பதுதான் நல்லது, முதலில் விடை, பிறகு வாதம் என்ற வரிசை மட்டும் மாறக்கூடாது என்பது என் எண்ணம்.

தீவகத்தில் வேலை செய்கிறேன். பாம்புக்கடி நோயாளி பற்றிக் கேட்டால், விடை வருமுன்னரே மூத்தவர்கள் ஆய்வுகளைப் பற்றி வாதிடத் தொடங்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்? (இளம் மருத்துவ உத்தியோகத்தர்)

உயிர் போகிற அவசரம் என்றால் குழுவில் எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம், கடமையில் இருக்கிற நிபுணருக்கு நேரே ஃபோன் எடுங்கள். மற்ற வேளைகளில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். "விரியன் கடிக்கு என்ன செய்வது?" என்றால் அது வகுப்பறைக் கேள்வி, வகுப்பறை விடைதான் வரும். கடித்து எவ்வளவு நேரம், 20 நிமிடக் குருதி உறைதல் சோதனையில் இரத்தம் உறைந்ததா, இமை சரிகிறதா, விஷமுறிவு மருந்து கையில் இருக்கிறதா, நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானுக்கு அடுத்த படகு எப்போது, இவ்வளவையும் முதல் செய்தியிலேயே போட்டுவிட்டால் யாருக்கும் ஆய்வு பற்றிப் பேச மனம் வராது.

ஆனால் வாதமே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். விஷமுறிவு மருந்தே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொடுக்கும், அதைத் தடுக்க அந்த மருந்தை ஏற்றுமுன் ஹைட்ரோகோர்ட்டிசோனும் அலர்ஜி மருந்தும் கொடுப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அதனால் உண்மையில் பலன் உண்டா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தபடியால்தான் இலங்கை வைத்தியசாலைகளில் 1007 நோயாளரிடம் சோதித்தார்கள், 2011 இல் முடிவு வெளிவந்தது: தோலுக்கடியில் போடுகிற குறைந்த அளவு அட்ரினலின் கடுமையான ஒவ்வாமையைக் குறைத்தது, மற்ற இரண்டும் குறைக்கவில்லை, அதிலும் ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தால் அட்ரினலினின் பலனும் இல்லாமல் போனது. இன்றைக்கு நீங்கள் இரவில் கேட்டதும் "1:1000 அட்ரினலின், 0.25 மில்லிலீற்றர்" என்று ஒரு வரியில் விடை வருகிறதே, அந்த வரிக்குப் பின்னால் அந்தச் சந்தேகம் இருக்கிறது. மூத்தவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த ஒரு வரியை முதலில் எழுதுங்கள், நோயாளி தப்பிய பிறகு எவ்வளவு நேரமும் வாதிடுங்கள், கேட்ட பிள்ளையையும் வாதத்துக்குள் இழுங்கள்.

ஆதாரம் பற்றி ஏதாவது கேட்டால் "வாட்டுக்கு வந்து பார்" என்று வாயை அடைக்கிறார்கள். (விரிவுரையாளர்)

அது பிழைதான், சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் கேட்கிற விதத்திலும் கொஞ்சம் இருக்கிறது. எலிக்காய்ச்சலையே எடுங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதை இங்கே யாரும் மறக்கவில்லை. "டொக்சிசைக்கிளின் தடுப்பு மருந்தாகப் பயன்படுமா, ஆதாரம் எப்படி?" என்று கேட்டால் குழு மௌனமாக இருக்கும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: கிழமைக்கு 200 மில்லிகிராம் என்ற அளவுக்கு வலுவான சான்று 1984 இல் வெளிவந்த ஆய்வு, அதில் மருந்து எடுத்தவர்கள் பனாமாக் காட்டில் மூன்று கிழமை பயிற்சி எடுத்த அமெரிக்கப் படைவீரர்கள், இளம் ஆட்கள், ஆரோக்கியமானவர்கள். நம்முடைய விவசாயி மாரி முழுக்க வயலில் நிற்கிறார், ஐம்பது அறுபது வயது, காலில் வெடிப்பு, சிலருக்கு நீரிழிவு. அந்த முடிவு இவருக்குப் பொருந்துமா, எத்தனை கிழமைக்குக் கொடுப்பது, வயிற்றெரிவு என்று அவர் இடையில் விட்டால் என்ன சொல்வது? இப்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பேசுவார், வாட்டில் நிற்பவரும் பேசுவார். உங்கள் கேள்வி அதேதான், அதற்குள் ஒரு ஆளை நிறுத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நான் தாதி. குழுவில் கேள்வி கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

தயங்காதீர்கள். டெங்கு வாட்டில் சிறுநீர் குறைகிறது, மேல் பிறெஷருக்கும் கீழ் பிறெஷருக்கும் உள்ள இடைவெளி 20 ஐ நெருங்குகிறது என்று முதலில் காண்பது நீங்கள். அந்த நேரம் குழுவில் பதிலுக்குக் காத்திராமல் வாட்டு டொக்டரைக் கூப்பிடுங்கள். ஆனால் "இத்தனை மணிக்கு இதைக் கண்டேன், அப்போது என்ன செய்திருக்க வேண்டும்?" என்று பிறகு குழுவில் கேட்டால், பத்து ஆய்வுக் கட்டுரையை விட அதில் எல்லாருக்கும் படிக்க விஷயம் இருக்கும்.

எக்ஸ்ரே, காயம் எல்லாவற்றையும் படம் எடுத்துப் போடலாமா?

நோயாளியின் சம்மதத்தோடு மட்டும். பெயர், முகம், கட்டில் இலக்கம் எதுவும் தெரியக்கூடாது. ஊர்ப் பெயரும் வேண்டாம், யாழ்ப்பாணம் சின்ன இடம், ஊரும் வயதும் சொன்னாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

நான் சித்த வைத்தியர். டெங்குக்குப் பப்பாசி இலைச்சாறு என்று எழுதினால் "ஆதாரம் இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறார்கள்.

ஒரே வார்த்தையில் முடிப்பது மரியாதையும் இல்லை, சரியும் இல்லை. பிளேட்லெட் கூடுகிறது என்று சொல்லும் சிறு ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் டெங்கில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவு அல்ல, இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதுதான். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, இரத்தக் கசிவு இல்லாதவருக்குப் பிளேட்லெட்டையே ஏற்றினாலும் பெரிய பலன் இல்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வு 2017 இல் காட்டியது. ஆகவே உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, சாறு கசிவைக் குறைக்கிறதா என்பது. அதை உங்களோடு சேர்ந்து கேட்க வேண்டும். அதுவரை, சாறு குடிக்கிறவர் காய்ச்சல் விட்டதும் தப்பிவிட்டேன் என்று வீட்டில் படுத்துவிடாமல், கசிவு தொடங்குகிற அந்த நேரத்தில்தான் கட்டாயம் வைத்தியசாலைக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். வாட்டில் இருப்பவர்களும் என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்று ஏசாமல் கேட்டு நோயாளியின் குறிப்பில் எழுதி வையுங்கள்.