26 மாதமாகப் பட்டறையில் நிற்கும் ரெப்ளிகா கார்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: என் 2011 மாடல் ஹோண்டா சிவிக்கை ஒரு கஸ்டம் கார் பட்டறையில் கொடுத்து, பிரபலமான இத்தாலிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ரெப்ளிகா செய்யச் சொன்னேன். கொட்டேஷன் 16.5 லட்சம். '8 முதல் 10 மாதத்தில் டெலிவரி' என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார்கள். 12.5 லட்சம் கொடுத்துவிட்டேன். அதில் 3 லட்சம் ரொக்கம். 26 மாதம் ஓடிவிட்டது. ஃபைபர் பாடி மட்டும் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி, வயரிங், உள்வேலை எதுவும் ஆகவில்லை. இன்னும் 3 லட்சம் கொடுத்தால்தான் வேலை நகரும், வண்டியை அப்படியே எடுத்துப் போவதானால் நாளுக்கு 300 ரூபாய் வாடகை கட்ட வேண்டும் என்கிறார்கள். ஆர்.சி.யில் மாற்றி வாங்கித் தருவதாக ஆரம்பத்தில் வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். எனக்கு வண்டிதான் வேண்டும். 3 லட்சத்தைக் கட்டிவிடலாமா? (பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: கட்ட வேண்டாம். தாமதத்தைப் பேசுவதற்கு முன் உங்களிடம் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வண்டி நாளைக்கே பளபளவென்று முடிந்து வந்தாலும், அதை நம் ஊர் ரோட்டில் சட்டப்படி ஓட்ட முடியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் இருப்பதற்கும் முரண் வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேஸ் கிட் போன்ற எரிபொருள் மாற்றம் முதலான சிலவற்றுக்கு மட்டும் அதில் வழி விட்டிருக்கிறார்கள். 'வண்டியின் அடிப்படை அமைப்பைத் தொடாமல் மாற்றினால் பரவாயில்லை' என்ற கேரள உயர் நீதிமன்றத்தின் பார்வையை, 2019 ஜனவரி 9-ல் ஆர்.டி.ஓ. எதிர் கே.ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். சலூன், 5 சீட், எடை, வீல்பேஸ் என்று வரிசையாக இருக்கும். இரண்டு சீட் ஃபைபர் வண்டியில் இதில் எது பொருந்தும்?

தண்டனையும் சின்னதல்ல. 182ஏ பிரிவில், அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். டீலர் அப்படி மாற்றினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது வண்டிக்கு 1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். 'நாங்கள் டீலர் இல்லையே, மெக்கானிக்தானே' என்று பட்டறைக்காரர் சொல்லலாம். 2(8) பிரிவில் டீலர் என்ற சொல்லுக்குள்ளேயே பாடி கட்டுபவரும் வண்டி பழுது பார்ப்பவரும் வந்துவிடுகிறார்கள்.

புதிய வண்டியாகவே பதிவு செய்ய முடியாதா என்றால், ஏட்டளவில் முடியும். மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி மாதிரி வண்டியை புனே ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை மையத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். பிரேக், புகை, விளக்கு, கண்ணாடி என எல்லாவற்றுக்கும் சோதனை உண்டு. ஒற்றை வண்டி செய்யும் பட்டறை இந்தச் செலவைத் தாங்காது. 'ஆர்.டி.ஓ. ஆபீஸில் நமக்கு ஆள் இருக்கிறார்' என்பதற்கெல்லாம் நீங்கள் தலையாட்டியிருந்தால், அதுவும் அந்த வாட்ஸ்அப்பில்தான் கிடக்கும். எதையும் அழிக்க வேண்டாம். அழித்தது தெரிந்தால் அதைவிட மோசம். இனி அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

சட்டப்படி இந்த வண்டிக்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு. சுற்றுச்சுவருக்குள் மட்டும் ஓடும்படி செய்த வண்டி, 2(28) பிரிவின் 'மோட்டார் வாகனம்' என்ற விளக்கத்துக்குள் வராது. கோவை செட்டிபாளையம் காரி டிராக்கிலோ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ, அங்குள்ள பாதுகாப்பு விதிக்கு உட்பட்டு ஓட்டலாம். வீட்டிலிருந்து டிராக்வரை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

இதனால்தான் நுகர்வோர் ஆணையத்தில் 'வண்டியை முடித்துத் தர உத்தரவிடுங்கள்' என்று கேட்கக்கூடாது. சட்டம் தடுப்பதைச் செய்யச் சொல்லி எந்த ஆணையமும் உத்தரவு போடாது. எதிர்த்தரப்பு வக்கீலும் ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவைக் காட்டி, 'ஒப்பந்தமே சட்டவிரோதம், மனுவைத் தள்ளுங்கள்' என்பார். நீங்கள் கேட்க வேண்டியது பணம். ஆர்.சி.யில் மாற்றித் தருவதாகப் பொய் சொல்லி வேலை வாங்கியது நியாயமற்ற வணிக நடைமுறை, குறித்த காலத்தில் முடிக்காதது சேவைக் குறைபாடு என்று இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். ஒப்பந்தம் செல்லாது என்றே முடிவானாலும், செல்லாதது பிறகு தெரியவந்த ஒப்பந்தத்தில் வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது 65-வது பிரிவு. அந்த வாட்ஸ்அப் வாக்குறுதி இந்த இடத்தில்தான் உங்களைக் காப்பாற்றும். உங்களுக்கு விவரம் தெரியாது, தெரிந்தவர் உங்களைத் தவறாக நம்பவைத்தார் என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

பணத்தைக் கேட்டுப் பட்டறைக்கு நோட்டீஸ் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நோட்டீஸைப் பார்த்த பிறகு பட்டறைக் கதவு திறக்காது. அதனால் இந்த வாரமே சாதாரணமாகப் பார்க்கப் போவதுபோல் போய் வாருங்கள். பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து சேஸிஸ் நம்பரின் பிரிண்ட் எடுங்கள். நம்பர் தெரியும்படி போட்டோவும் வேண்டும். சிவிக்கில் பாடியும் சேஸிஸும் ஒன்றுதான், லாரி மாதிரி தனியாகக் கழற்ற முடியாது. நம்பர் அடித்த தகடு வெட்டப்பட்டிருந்தால் சட்டத்தின் கண்ணில் உங்கள் கார் இனி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். கூரையையும் தூண்களையும் வெட்டியிருந்தால், அந்த இடத்தில் டியூப் ஃபிரேம் போட்டு வெல்டு செய்திருக்கிறார்களா, சும்மா ஆங்கிள் வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இன்ஜின் எங்கே இருக்கிறது என்பது அடுத்தது. அந்த இத்தாலிய வண்டிகளில் பலவற்றுக்கு இன்ஜின் டிரைவர் முதுகுக்குப் பின்னால். சிவிக்கின் இன்ஜின் முன்னால், குறுக்காக உட்கார்ந்திருப்பது. தாழ்வான பானட்டுக்கு அடியில் அது அடங்காது. பின்னால் தள்ளினால் கியர் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ், பெட்ரோல் டேங்க், சைலன்சர், வயரிங் அத்தனையும் புதிதாக வழி தேட வேண்டும். இந்த முடிவை எடுக்காமலேயே ஃபைபர் பாடியை மாட்டி வைத்திருந்தால், அட்வான்ஸ் வாங்குவதற்காகக் காட்டிய வேலை அது. பாடி உட்கார்ந்துவிட்டதே என்று பார்ப்பவர்கள் பாதி முடிந்ததாக நினைப்பார்கள். உண்மையில் பெரும்பாலான உழைப்பு அதற்குப் பிறகுதான்: கதவு இடைவெளி சரிசெய்வது, பட்டி பார்த்துத் தேய்ப்பது, பெயின்ட், முன்கண்ணாடியை வளைவுக்கேற்பச் செய்வது, வயரிங், ஏ.சி. 12.5 லட்சத்துக்கு இது ஈடாகாது என்பதை நீங்கள் சொல்வதைவிட, உரிமம் பெற்ற மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவர் நேரில் பார்த்து எழுதித் தருவது பலமானது.

கழற்றிய சாமான்களையும் விடாதீர்கள். நாலு கதவு, பானட், கண்ணாடிகள், சீட், டேஷ்போர்டு, ஏர்பேக், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எங்கே என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலேயே வாங்குங்கள். பழைய சாமான் சந்தையில் இவற்றுக்கு விலை உண்டு. விற்றிருந்தால் அந்தக் காசு உங்களுடையது.

வாடகை மிரட்டலுக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. வேலைக்காகக் கொடுத்த பொருளைக் கூலி வரும்வரை பிடித்து வைக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவில் இருக்கிறது. வைரத்தைப் பட்டை தீட்டிய நகைத் தொழிலாளி அதைத் தராமல் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிரிவே உதாரணம் சொல்கிறது. ஆனால் அந்தத் தொழிலாளி தீட்டி முடித்தவர். ஒப்புக்கொண்டபடி வேலை செய்தவருக்குத்தான் அந்த உரிமை. கொட்டேஷனில் முக்கால் பங்கு பணத்தை வாங்கிக்கொண்டு பாதியில் நிறுத்தியவருக்கு இல்லை. நிறுத்திவைத்ததற்கு வாடகை என்று கொட்டேஷனில் ஒரு வரி இல்லாவிட்டால் அதுவும் கேட்க முடியாது.

நோட்டீஸில் யார் பெயர் போடுவது? போர்டில் இருக்கும் ஸ்டைலான பெயருக்கு அனுப்பிப் பயனில்லை. பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தட்டினால் உரிமையாளரின் அல்லது கம்பெனியின் சட்டப் பெயர் வரும். தனிநபர் தொழில் என்றால் அவர் பெயரையே போட்டு, இன்ன பட்டறையின் உரிமையாளர் என்று குறிப்பிடுங்கள். 15 நாள் கெடு கொடுத்து, சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி அஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். கட்டிய தேதி, தொகை, எந்த வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். 3 லட்சம் ரொக்கத்துக்கு ரசீது இல்லையென்றால், அன்றைக்கு வங்கியில் எடுத்த பதிவும் 'கிடைத்தது' என்ற மெசேஜும் போதும். ஒரே காரியத்துக்கு 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டத்தில் வாங்கியவருக்குத்தான் அபராதம். பேச்சுவார்த்தையில் இது உதவும்.

வழக்கை ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் நீங்கள் குடியிருக்கும் இடமே போதும், பட்டறை எந்த மாவட்டத்தில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். 10 முதல் 20 லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் 400 ரூபாய். கேட்க வேண்டியவை: கொடுத்த 12.5 லட்சம், ஒவ்வொரு தொகையும் கொடுத்த தேதியிலிருந்து வட்டி, சிவிக்கின் மதிப்பு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. சிவிக்கின் மதிப்புக்கு, வண்டியைக் கொடுத்த வருடத்து இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும் ஐ.டி.வி. (இன்சூரன்ஸுக்காக வண்டிக்குப் போட்ட மதிப்பு) தொகையை எடுத்துக்கொள்ளுங்கள், அதை மறுத்துப் பேசுவது கடினம். வண்டியை விற்கவோ பிரிக்கவோ கூடாது என்று இடைக்கால உத்தரவும், ஆணையத்தின் சார்பில் நேரில் பார்த்து அறிக்கை தரும் வக்கீல் கமிஷனர் நியமனமும் மனுவோடு சேர்த்துக் கேளுங்கள்.

எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் போட வேண்டும், மிஞ்சினால் இன்னும் 15 நாள். 45 நாளைத் தாண்டி நீட்டிக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. 3 மாதத்தில் தீர்ப்பு என்று சட்டத்தில் இருப்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள், நடைமுறையில் அதைவிட நீளும். தீர்ப்பை மதிக்காவிட்டால் 72-வது பிரிவில் ஒரு மாதம் முதல் 3 வருடம் வரை சிறை இருப்பதால், பலர் அந்தக் கட்டத்தில் பணத்தோடு வந்துவிடுவார்கள்.

காலக்கெடுவில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். புகார் செய்ய 2 வருடம். டெலிவரி 10-வது மாதத்தில் தந்திருக்க வேண்டும், அதிலிருந்து 16 மாதம் போய்விட்டது. மீதி 8 மாதம். 'டெலிவரி தராதவரை தினமும் தொடரும் தவறு' என்று வாதிட இடமுண்டு, ஆனாலும் அந்த வாதம் தேவைப்படும் நிலைக்கு வழக்கைக் கொண்டுபோக வேண்டாம்.

போலீஸுக்குப் போகலாமா? மோசடி என்று நிரூபிக்க, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வேலை ஓரளவு நடந்திருப்பதால் 'சிவில் விவகாரம்' என்று அனுப்பிவிடுவார்கள். வண்டியையோ சாமான்களையோ விற்றது தெரிந்தால் கதை வேறு; அப்போது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 316, நம்பிக்கை மோசடிப் பிரிவு.

2011 வண்டிக்கு ஆர்.சி.யின் 15 வருடம் முடியும் காலம் இது. புதுப்பிக்க வண்டியை வாகன ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். நிறுத்த வண்டி எது? பழைய நிலைக்குத் திருப்ப முடியாதபடி வெட்டியாகிவிட்டது என்று சர்வேயர் எழுதினால், மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவில் உங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்யுங்கள். வக்கீல் கமிஷனர் பார்வையிட்ட பிறகு இதைச் செய்வது நல்லது. அந்த நம்பர் பிளேட் வேறு வண்டியில் ஏறினால் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

இத்தனைக்குப் பிறகும் டிராக்குக்காக வண்டி வேண்டும் என்றால், 3 லட்சத்தை மொத்தமாகக் கொடுக்காமல் புதிய ஒப்பந்தம் எழுதுங்கள். டிராக் பயன்பாட்டுக்கு மட்டும் என்று முதல் வரியிலேயே இருக்கட்டும். ஃபிரேம் வெல்டு, இன்ஜின் ஓடுவது, பிரேக், வயரிங் என ஒவ்வொரு கட்டமும் சர்வேயர் பார்த்த பிறகே அதற்கான தொகை. ஒரிஜினல் கம்பெனிகளின் குதிரை, காளை சின்னமெல்லாம் ஒட்டச் சொல்லாதீர்கள், அது தனியாக டிரேட்மார்க் வழக்கு. வண்டியை எடுக்கும் அன்று 'தாமதத்துக்கான இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒப்பந்தச் சட்டம் 55-வது பிரிவின்படி, தாமதமாக வந்ததை அப்படி எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டவர் பிறகு அந்தத் தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது.