மகள் என்.எம்.ஆர். ஆராய்ச்சிக்குப் போகலாமா?

வணக்கம் ஐயா. பி.எஸ்சி. இயற்பியல் கடைசி ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், கரிமத் திடப்பொருள்களில் மூலக்கூறுகள் எப்படி அசைகின்றன என்பதை என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) தளர்வு முறையில் ஆராயப்போகிறேன் என்கிறாள், இதை நம்பிப் போகலாமா, வேலை கிடைக்குமா என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களோ 'அணுக்கரு' என்றதுமே கதிர்வீச்சை நினைத்துப் பயந்திருக்கிறீர்கள். அந்தப் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். இதில் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நடப்பதும் இதே தத்துவத்தில்தான். காந்தத்தின் பக்கத்தில் இரும்புச் சாமான் கொண்டுபோகக் கூடாது, குளிரூட்டப் பயன்படும் திரவ நைட்ரஜனைக் கவனமாகக் கையாள வேண்டும், அவ்வளவே.

அவளை எது இழுக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். படிகத்துக்குள் மூலக்கூறு பொதுவாக இடம் பெயராது. ஆனால் பஸ்ஸில் சீட்டைவிட்டு எழாமலே காலாட்டிக்கொண்டிருப்பவரைப் போல, அதிலுள்ள மெத்தில் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்தது) சுழன்றுகொண்டே இருக்கும். அந்தச் சுழற்சி, புரோட்டான்கள் (ஹைட்ரஜனின் அணுக்கருக்கள்) உணரும் காந்தப்புலத்தை ஓயாமல் மாற்றும். ரேடியோ துடிப்பால் சமநிலை குலைந்த புரோட்டான்கள் திரும்பப் பழைய நிலைக்கு வர எடுக்கும் நேரம்தான் தளர்வு நேரம்; அதை டி1 என்பார்கள். வெப்பநிலையை மாற்றி மாற்றி அதை அளந்தால், ஓரிடத்தில் மிகவும் குறைந்துவிடும். சுழலும் வேகம் புரோட்டானின் அதிர்வெண்ணை நெருங்கும் இடம் அது; ஒரு டெஸ்லா காந்தத்தில் அந்த அதிர்வெண் சுமார் 42.6 மெகாஹெர்ட்ஸ். வரைபடத்தின் சரிவைப் பார்த்து, சுழல்வதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று கணக்கிட்டுவிடலாம். புளூம்பர்கன், பர்செல், பவுண்ட் மூவரும் 1948-இல் போட்ட அடித்தளத்தில்தான் இந்தக் கணக்கு இன்றும் நிற்கிறது.

இதற்குப் பல கோடி ரூபாய்க் கருவி கட்டாயமில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். அமெரிக்காவின் பிரின் மார் என்ற சிறிய மகளிர் கல்லூரியிலேயே குறைந்த காந்தப்புலத்தில் இந்த அளவீடுகள் பல ஆண்டுகள் நடந்தன.

சரி, வேலை? 'மெத்தில் சுழற்சி தெரிந்தவர் தேவை' என்று எந்த விளம்பரமும் வராது. ஆராய்ச்சித் தலைப்பை வைத்து யாரும் வேலை தருவதில்லை. அந்த ஆராய்ச்சியில் கைவந்த வித்தையைத்தான் கேட்பார்கள். மருந்துத் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் ரிட்டோனவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தில், எளிதில் கரையாத புதிய படிக வடிவம் திடீரென்று தலைகாட்டியதால் அந்த கேப்சூலையே சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. மருந்து எந்தத் திட வடிவத்தில் இருக்கிறது, நாளாக ஆக மாறுமா என்று கண்காணிக்க ஆள் வேண்டும். அதற்குத் திடநிலை என்.எம்.ஆர். கைகொடுக்கும். சமையல் கொழுப்பில் திடப்பகுதி எவ்வளவு என்று பார்ப்பதற்கும், எண்ணெய்க் கிணற்றுப் பாறையின் துளைகளை அளப்பதற்கும் தளர்வு நேரம்தான் பயன்படுகிறது. எம்.ஆர்.ஐ. கருவித் துறையும் இருக்கிறது.

வழி இதுதான்: இப்போதைக்கு எம்.எஸ்சி. மட்டும் முடிவு செய்யுங்கள். ஐ.ஐ.டி. ஜாம், கியூட் பி.ஜி. நுழைவுத் தேர்வுகள் இரண்டையும் எழுதட்டும். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டு பிடிக்கும், அதை எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்து பார்த்தபின் யோசிக்கலாம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய் உதவித்தொகை என்று ஆகியிருக்கிறது. ஆகவே முழுச் செலவும் உங்கள் தலையில் விழாது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., ஹைதராபாத் டி.ஐ.எஃப்.ஆர். ஆகிய ஆராய்ச்சி நிறுவனங்கள் இரண்டிலும் என்.எம்.ஆருக்கென்றே நல்ல வசதிகள் உண்டு. ('கல்யாணம் எப்போது சார்?' என்ற உங்கள் கடைசி வரிக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அவளிடம் கேளுங்கள்.)

அவளுக்கு ஒன்று சொல்லுங்கள். பைத்தான் என்ற கணினி நிரல்மொழியில் தரவைப் பொருத்திப் பார்க்க இப்போதே பழகட்டும். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த ஆய்வகத்துச் சீனியர்களிடம் பேசட்டும்: கருவியில் மாணவர்களே கை வைக்க விடுகிறார்களா, இல்லை சாம்பிளைக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்க வேண்டுமா? படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? முதல் கேள்விக்கு 'காத்திருக்க வேண்டும்' என்று பதில் வந்தால், அது எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் வேறு ஆய்வகம் பார்க்கச் சொல்வேன்.