தண்ணீர் சோதனைக்கு வந்திருக்கிறோம் என்றால் கதவைத் திறக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. பகலில் வீட்டில் தனியாக இருப்பார். போன வாரம் இரண்டு பேர் வந்து, குடிநீரைச் சோதிக்க வேண்டும் என்றிருக்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதால் அம்மா உள்ளே விட்டுவிட்டார். ஒருவர் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் கலங்கலாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னாராம். அவர்கள் போன பிறகு படுக்கையறை அலமாரி திறந்து கிடந்தது. நல்லவேளை, அதில் பணமோ நகையோ இல்லை. இப்போது யார் மணி அடித்தாலும் அம்மா நடுங்குகிறார். அவருக்கு என்ன சொல்லித் தருவது?

பதில்: எதுவும் திருட்டுப் போகவில்லை என்றாலும் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். அம்மா சொல்லும் அங்க அடையாளம் இன்னொரு வீட்டைக் காப்பாற்றலாம். ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அம்மாவிடமும் சொல்லுங்கள். வந்தவர்கள் இதையே தொழிலாகச் செய்பவர்கள்.

அந்தக் குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொட்டும் சத்தத்தில் பக்கத்து அறையில் அலமாரி திறப்பது காதில் விழாது. பார்த்துக்கொண்டே இருங்கள் என்று ஒரு வேலையும் கொடுத்துவிட்டால் அம்மா அந்த இடத்தை விட்டு நகரவும் மாட்டார். ஒருவர் பேச்சுக் கொடுப்பார், இன்னொருவர் கைவரிசையைக் காட்டுவார். குழாய்க்குப் பதிலாகக் குடிக்கத் தண்ணீர் கேட்கலாம், கழிப்பறைக்கு அவசரம் என்று கெஞ்சலாம். முன்வாசலில் ஒருவர் பேசும்போதே பின்கதவு வழியாக மற்றவர் நுழைவதும் உண்டு. அதனால் மணி அடித்ததும், பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அம்மா முன்கதவுக்குப் போக வேண்டும்.

வந்தவர் நல்லவரா, கெட்டவரா என்று முகத்தைப் பார்த்து எடைபோடும் பொறுப்பை அம்மா மேல் சுமத்தாதீர்கள். அது காவல் துறையில் இருப்பவர்களுக்கே கஷ்டம். யார் வந்தாலும் ஒரே வழக்கம் என்று வைத்துவிட்டால் அவர் யோசித்துத் தடுமாற வேண்டியதில்லை. கதவு மூடியே இருக்கட்டும். ஜன்னல் வழியாகவோ, சங்கிலி மாட்டிய கதவின் இடுக்கு வழியாகவோ பேசட்டும். "என் பிள்ளை வீட்டில் இருக்கும்போது வாங்க" என்ற ஒரு வாக்கியம் போதும். எப்போது வருவார் என்று கேட்டால் பதில் சொல்லவே கூடாது. தனியாக இருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அப்படிக் கேட்பார்கள். வீட்டில் எத்தனை பேர், யார் எப்போது வேலைக்குப் போகிறார்கள் என்று கணக்கெடுப்பு போல விசாரிப்பதும் அதற்காக இருக்கலாம்.

அடையாள அட்டையை நம்பிப் பயனில்லை. ஒரு பிரிண்டர் இருந்தால் யாரும் தயாரித்துவிடலாம். அதில் அச்சிட்ட எண்ணுக்குப் போன் செய்தால் கூட்டாளியே எடுத்து, "ஆமாம், எங்கள் ஆள்தான்" என்பார். உங்கள் வீட்டுக்கு வந்த பழைய பில்லில் இருக்கும் எண்ணுக்குத்தான் அழைக்க வேண்டும். தண்ணீர், மின்சாரம், கேஸ், காவல் நிலையம், நம்பகமான பக்கத்து வீட்டுக்காரர், உங்கள் எண் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவருகே ஒட்டிவையுங்கள். விசாரித்து முடியும்வரை வந்தவர் வெளியே நிற்கட்டும். உண்மையான ஊழியர் நிற்பார். மற்றவர்தான் "நேரமில்லை, இணைப்பைத் துண்டித்துவிடுவோம்" என்று அவசரப்படுத்துவார்.

கேஸ் கசிகிறது என்று சொல்லிப் பயமுறுத்தினால்? வாசனை நிஜமாகவே வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து, கதவைப் பூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டிலிருந்து அவசர எண்ணை அழைக்கட்டும். அப்போதும் அந்த ஆளை உள்ளே விட வேண்டாம்.

இன்னும் இரண்டு தந்திரங்களை அம்மா அறிந்திருக்க வேண்டும். ஒன்று, "அவசரமாக ஒரு போன் பேசிக்கொள்கிறேன்" என்று மொபைலைக் கேட்பது. ஒரு குறியீட்டை அழுத்தி, அம்மாவுக்கு வரும் அழைப்புகளைத் தன் எண்ணுக்குத் திருப்பிவிட ஒரு நிமிடம்கூட ஆகாது. வங்கி குரல் அழைப்பில் சொல்லும் ஓடிபி அதன் பிறகு அந்த ஆளுக்குப் போகும். ஏற்கெனவே யாருக்காவது மொபைலைக் கொடுத்திருந்தால், அதிலிருந்து ##002# என்று டயல் செய்யுங்கள். திருப்பிவிட்ட அழைப்புகள் எல்லாம் ரத்தாகும். இன்னொன்று, நகைக்கு மெருகு போட்டுத் தருகிறோம் என்று வாங்கி அமிலத்தில் போடுவது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த ராஜதிராவகத்தில் தங்கம் கரையும். நகை பளபளவென்று திரும்பி வரும், எடை குறைந்திருக்கும். கரைந்த தங்கம் அவர்கள் பாத்திரத்தில் போய்விடும்.

போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வருபவர் பணத்தையோ நகையையோ வங்கி அட்டையையோ "பத்திரமாக வைத்துத் தருகிறோம்" என்று கேட்டால், அவர் போலீஸ் இல்லை.

சரி, இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லித் திணிக்காதீர்கள். அம்மாவால் முடியாதது, முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வதுதான். மரியாதையான மனிதர்கள் எல்லோருக்கும் இந்தத் தயக்கம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெளியே நின்று மணி அடியுங்கள். தண்ணீர்க்காரர், கூரியர்காரர், அழுகிற பெண் என்று ஆள் மாற்றி ஆள் மாற்றிப் பேசுங்கள், கெஞ்சுங்கள், அதட்டுங்கள். கதவைத் திறக்காமலே அம்மா அந்த ஒரு வாக்கியத்தைத் தயங்காமல் சொல்லும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.